சிறு பண்ணைகளின் விளைச்சலைப் பெரிய கடைகளுக்கும் சமையற்கூடங்களுக்கும் கொண்டு சேர்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சூப்பர்மார்க்கெட்டின் கொள்முதல் மேலாளரும், ஆயிரம் பேருக்குச் சமைக்கும் கேன்டீனின் பொறுப்பாளரும் அக்கம்பக்கத்துச் சிறு விவசாயிகளிடம் வாங்கத் தயங்குகிறார்கள். சரக்கு நன்றாக இருக்காது என்ற சந்தேகம் அதற்குக் காரணமாக இருப்பது அபூர்வம். காலையில் பறித்த காய் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கும் தெரியும். 20 விவசாயிகள் என்றால் 20 போன், 20 பில், 20 வண்டி. போன வாரம் வந்த அளவு இந்த வாரம் வராமல் போகலாம். சாப்பிட்ட யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், அந்தக் காய் எந்த வயலில் விளைந்தது என்று சொல்ல ஆளிருக்காது. அவர்கள் பயப்படுவது இவற்றுக்குத்தான்.

விவசாயியின் பக்கமும் நியாயம் உண்டு. விதைத்து, தண்ணீர் பாய்ச்சி, பறித்து முடிப்பதற்குள் அவருடைய நாள் தீர்ந்துவிடுகிறது. அதற்குமேல் தரம் பிரிக்கவும், குளிர்விக்கவும், பில் போடவும், நகரத்துக்குக் கொண்டுபோய் இறக்கவும், பணத்துக்கு அலையவும் அவரால் முடியாது.

பண்ணைக்கும் கடைக்கும் நடுவில் கிடக்கிற இந்த வேலைதான் முழு விஷயமும். நல்ல மனசோடு தொடங்கிய பல முயற்சிகள் உடைந்துபோவது இங்கேதான். அந்த வேலை யாருடையது என்று முடிவு செய்யாமலே ஆரம்பிக்கிறார்கள். குழுவில் யாருக்கு ஆர்வம் அதிகமோ அவர் சம்பளமில்லாமல் இழுத்துக்கொண்டு போகிறார். ஒரு பருவம் முடிவதற்குள் களைத்துவிடுகிறார். நடுவில் இருக்கிற வேலைக்கு ஓர் ஆள், ஓர் இடம், ஒரு விலை வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அதை ஏற்படுத்துவதற்கான வழி. அந்த ஆள் விவசாயிகளின் கூட்டுறவாக இருக்கலாம், உற்பத்தியாளர் குழுவாக இருக்கலாம், ஒரு தனியார் நிறுவனமாக இருக்கலாம், ஏற்கெனவே குளிர்பதன வண்டி வைத்திருக்கும் மொத்த விநியோகஸ்தராகக்கூட இருக்கலாம். பல நாடுகளில் இந்த அமைப்பை 'ஃபுட் ஹப்' என்கிறார்கள். பெயர் எதுவானாலும் சரி, பொறுப்பு ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

1. யாரிடம் முதலில் போவது

எல்லோரும் முதலில் நினைப்பது பெரிய சூப்பர்மார்க்கெட் சங்கிலியைத்தான். என் கருத்தில் அது மூன்றாவதாகப் போக வேண்டிய இடம். அங்கே பேக்கிங், பார்கோடு, மூன்றாம் தரப்புச் சான்றிதழ், காப்பீடு எல்லாம் முதல் நாளே கேட்பார்கள். அளவில் சின்னக் குறை வந்தாலும் அலமாரி காலியாகத் தெரியும் என்பதால் பொறுமை குறைவாக இருக்கும்.

மருத்துவமனை, பள்ளி, விடுதி, தொழிற்சாலை போன்ற நிறுவனங்களின் கேன்டீன்கள்தான் தொடங்க ஏற்ற இடம். சமையல் பட்டியலை அவர்கள் பல வாரங்களுக்கு முன்பே போட்டுவிடுவார்கள். 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை அதே பட்டியல் திரும்பி வரும். எந்த வாரம் எவ்வளவு கேரட் வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்தால் நடவையே அதற்குத் தகுந்தபடி அமைக்கலாம். சற்று வளைந்த காயும், கொஞ்சம் சிறுத்த காயும் நறுக்கிய பிறகு ஒன்றுதான் என்பதால் தோற்றத்தைப் பெரிதாகப் பார்க்கமாட்டார்கள். குறை என்று பார்த்தால், பணம் மெதுவாக வரும், விலையும் இறுக்கமாக இருக்கும். தோல் சீவி நறுக்கியும் சிலர் கேட்பார்கள். நறுக்கிய காய்க்கு உணவுப் பாதுகாப்பு விதிகள் இன்னும் கடுமையாகும் என்பதால் முதல் வருடம் அதற்கு ஒப்புக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

தனி உணவகங்கள் நல்ல விலை கொடுக்கும், அளவு குறைவு. ஒரு சமையற்கலைஞர் வேலை மாறிப் போனால் ஆர்டரும் போய்விடும். தனிக்கடைகள் இரண்டுக்கும் நடுவில்.

2. நடுவதற்கு முன் கேட்க வேண்டியவை

விளைந்த பிறகு வாங்க ஆள் தேடினால் பேரம் பேசும் பலம் முழுக்க எதிர்ப்பக்கம் போய்விடும். ஆகவே பருவம் தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே, கையில் சரக்கு இல்லாமல், நோட்டும் பேனாவும் மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். வாரத்துக்கு எந்தக் காய் எவ்வளவு வாங்குகிறீர்கள்? எந்தக் காயில் இப்போது உங்களுக்குத் தொல்லை அதிகம்? எத்தனை மணிக்குச் சரக்கு இறக்க வேண்டும்? திருப்பி அனுப்பும் முடிவை எடுப்பவர் யார்? எத்தனை நாளில் பணம் தருவீர்கள்? என்னென்ன சான்றுகள் கேட்பீர்கள்?

இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் தங்கம். தூரத்திலிருந்து வருவதால் வாடிப்போகும் கீரை, பாதி வழியில் நசுங்கும் தக்காளி என்று அவர்களே சொல்வார்கள். தூரத்துப் பண்ணைகள் தோற்கிற அந்த இரண்டு மூன்று பொருட்களில்தான் அக்கம்பக்கத்து விவசாயிக்கு உண்மையான அனுகூலம். மாதக்கணக்கில் இருப்பில் நிற்கும் உருளைக்கிழங்கிலும் வெங்காயத்திலும் பெரிய பண்ணைகளோடு விலைக்கு மோதுவது வீண்.

பேச்சு முடிந்ததும் ஒவ்வொரு பொருளுக்கும் அரைப் பக்கத் தர விவரம் எழுதி, இரு தரப்பும் ஒப்புக்கொள்ளுங்கள். நீளம், விட்டம், நிறம், பழுத்த நிலை, தண்டோடா தண்டில்லாமலா, பெட்டிக்கு எத்தனை கிலோ, எத்தனை சதவீதம் வரை குறை இருக்கலாம் என்று எல்லாம் அதில் வரவேண்டும். ஏற்கத் தகுந்தது, தகாதது என இரண்டையும் போட்டோ எடுத்து ஒட்டிவிட்டால் பிற்பாடு வரும் பாதிச் சண்டை நின்றுவிடும்.

3. ஆர்டரிலிருந்து பின்னோக்கி நடவுத் திட்டம்

வாரம் 200 கிலோ பீன்ஸ், தொடர்ந்து 10 வாரம் என்று ஓர் ஆர்டர் பேசியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பறித்ததில் 80 சதவீதம்தான் தரத்தில் தேறும் என்றால் 250 கிலோ பறிக்க வேண்டும். மழை, பூச்சி, ஆள் வராதது என்று எதற்கும் இடம் விட்டு 300 கிலோவுக்குத் திட்டமிடுங்கள். ஒரே நாளில் எல்லோரும் விதைத்தால் இரண்டு மூன்று வாரம் காய் குவிந்து, பிறகு ஒன்றும் இருக்காது. எனவே ஒரு வாரம் அல்லது பத்து நாள் இடைவெளி விட்டு, யார் எந்தத் தேதியில் எவ்வளவு பரப்பில் விதைக்கிறார் என்று ஒரு அட்டவணை போடவேண்டும். வெயில் காலத்தில் பயிர் வேகமாக முதிரும், குளிர் காலத்தில் தாமதிக்கும். அந்த வித்தியாசத்தையும் இடைவெளியில் கணக்கிடுங்கள்.

ஒவ்வொரு பொருளையும் குறைந்தது மூன்று பண்ணைகள் விளைவிக்கட்டும். அதில் எந்த ஒரு பண்ணையின் பங்கும் பாதியைத் தாண்ட வேண்டாம். ஒருவர் தோட்டத்தில் நோய் விழுந்தாலும் ஆர்டர் நிற்காது. அதே நேரத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் விளைவிக்கவும் கூடாது. யாருக்கு எந்த மண்ணில் எது கைவந்ததோ அதை அவருக்கு விடுங்கள். ரகத்தை மட்டும் கண்டிப்பாக ஒன்றாக்குங்கள். மூன்று தோட்டத்துத் தக்காளி மூன்று வடிவத்தில் ஒரே பெட்டியில் வந்தால் வாங்குபவர் முகம் மாறிவிடும்.

விவசாயி தன் மொத்த விளைச்சலையும் இதற்கு ஒப்புக்கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். 60, 70 சதவீதம் போதும். வெளிச்சந்தையில் விலை திடீரென்று ஏறும்போது மீதியை அங்கே விற்று அவரும் நாலு காசு பார்க்கட்டும். முழுவதையும் கட்டிப்போட்டால் விலை ஏறிய அன்று சரக்கு வேறு பக்கம் போய்விடும், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும்.

4. பறித்த பிறகு: சூடும் நேரமும்

வாங்குபவரின் மதிப்பை ஒரே வாரத்தில் சம்பாதிக்கவோ இழக்கவோ வைப்பது இந்தப் படி. பறித்த காய் உயிரோடுதான் இருக்கிறது. மூச்சு விடுகிறது, சேர்த்து வைத்த சர்க்கரையைச் செலவழிக்கிறது. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறும்போது அந்த மூச்சின் வேகம் ஏறக்குறைய இரண்டு, மூன்று மடங்காகிறது. 32 டிகிரியில் வரப்பில் கிடக்கும் கீரை ஒரு மணி நேரத்தில் இழக்கும் ஆயுள், குளிர் அறையில் பல மணி நேரத்தில் இழப்பதற்குச் சமம். விடியற்காலையில் பறிப்பது, பறித்ததும் நிழலுக்குக் கொண்டுவருவது, வயலின் சூட்டை எவ்வளவு சீக்கிரம் இறக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் இறக்குவது என்ற மூன்றையும் முதல் நாளிலிருந்தே பழக்கமாக்குங்கள். முதல் இரண்டுக்கும் காசே செலவில்லை.

எல்லாவற்றையும் ஒரே குளிரில் வைக்கக் கூடாது. கீரைகள், ப்ரோக்கோலி, கேரட் போன்றவை 0 முதல் 2 டிகிரியில், 95 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதத்தில் நன்றாக இருக்கும். வெள்ளரி, கத்தரி போன்றவை 10 டிகிரிக்குக் கீழே போனால் குளிர்க்காயம் பட்டு, தோல் குழிந்து அழுகும். தக்காளி 10 டிகிரிக்குக் கீழே சுவையை இழக்கும். முழுக்கப் பழுக்காததாக இருந்தால் பிறகு சரியாகப் பழுக்கவும் செய்யாது. வாழைக்கு 13 டிகிரிக்குக் கீழே ஆகாது. ஆகவே குறைந்தது இரண்டு வெப்பநிலை தேவை. இதோடு எத்திலீன் என்ற வாயுவையும் நினைவில் வைக்க வேண்டும். பழுக்கும் வாழை, ஆப்பிள், தக்காளி ஆகியவை அதை வெளிவிடும். பக்கத்தில் இருக்கும் கீரையும் வெள்ளரியும் மஞ்சளாகும், கேரட் கசக்கும். கலந்து அடுக்கிய ஒரே வண்டியில் இரவு முழுக்கப் பயணம் என்றால் காலையில் அது தெரியும்.

பெரிய குளிர்பதனக் கிடங்கு கட்டினால்தான் தொடங்க முடியும் என்றில்லை. வெளிச்சூடு உள்ளே வராதபடி நன்றாகக் காப்பிட்ட ஒரு சின்ன அறை, சாதாரண அறை ஏசி, அந்த ஏசியை வழக்கத்தைவிடக் கீழே இறங்கவைக்கும் கூல்பாட் போன்ற கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவற்றை வைத்துப் பல சிறு குழுக்கள் சமாளிக்கின்றன. ஏற்கெனவே குளிர் அறை வைத்திருப்பவரிடம் வாடகைக்கு இடம் பிடிப்பது இன்னும் எளிது.

கழுவுவதில் ஒரு நுணுக்கம். வெயில் சூட்டோடு வரும் தக்காளியைக் குளிர்ந்த நீரில் போட்டால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, காம்பு வடு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்தத் தண்ணீரில் கிருமி இருந்தால் அதுவும் உள்ளே போய்விடும். பிறகு எவ்வளவு கழுவினாலும் வராது. கழுவும் நீர் காயின் உட்பகுதியைவிட 5 டிகிரி அளவுக்குக் கூடுதல் சூட்டில் இருக்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

5. பாதுகாப்பும் தடம் பிடிப்பதும்

பெரிய கடையின் வாசலில் நிற்கும்போது கேட்கப்படும் முதல் சொற்கள் ஹேசப், கேப் என்பவையாக இருக்கும். ஹேசப் என்பது 1960களில் விண்வெளி வீரர்களின் உணவுக்காக நாசாவும் பில்ஸ்பரி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய முறை. ஆபத்து எந்தக் கட்டத்தில் நுழையும் என்று முன்கூட்டியே கண்டு, அந்தக் கட்டத்தையே காவல் காப்பதுதான் அதன் சாரம். கேப் என்பது நல்ல வேளாண் நடைமுறைகள்: தண்ணீர், எரு, மருந்து, கை சுத்தம், கழிப்பறை, பெட்டிகளின் சுத்தம்.

காகிதச் சான்றிதழுக்கு முன்னால் மூன்று விஷயங்களைச் சரிசெய்யுங்கள். பாசன நீரையும் கழுவும் நீரையும் மலக் கலப்பைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலி பாக்டீரியா இருக்கிறதா என்று பரிசோதனைக்கு அனுப்புவது. மட்காத எருவுக்கும் அறுவடைக்கும் போதிய இடைவெளி விடுவது. அமெரிக்க இயற்கை விவசாய விதிகளில் மண்ணைத் தொடும் விளைபொருளுக்கு 120 நாள், தொடாததற்கு 90 நாள் என்று இருக்கிறது. பூச்சிமருந்து அடித்தால் தேதி, அளவு, காத்திருக்க வேண்டிய நாட்கள் மூன்றையும் அன்றே எழுதிவைப்பது.

சான்றிதழ் தனித்தனியாக வாங்கினால் சிறு பண்ணைக்குக் கட்டாது. ஐரோப்பியச் சில்லறை வணிகர்கள் 1997-இல் யூரெப்கேப் என்று தொடங்கி, 2007-இல் குளோபல்கேப் என்று பெயர் மாறிய தரமுறையில் குழுச் சான்றிதழுக்கு வழி இருக்கிறது. குழு தனக்கென்று ஒரு தர மேலாண்மை அமைப்பை வைத்து எல்லாப் பண்ணைகளையும் தானே ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். வெளி ஆய்வாளர் மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூல அளவு பண்ணைகளைப் பார்ப்பார். 25 பண்ணை என்றால் 5. செலவு பகிர்ந்துவிடுகிறது. ஆனால் ஒருவர் தவறினால் எல்லோருடைய சான்றிதழும் ஆட்டம் காணும் என்பதை உறுப்பினர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். விவசாயிகளே ஒருவரை ஒருவர் சோதித்துக்கொள்ளும் பங்கேற்பு உத்தரவாத முறையும் உண்டு. சிறு கடைகளுக்கும் உணவகங்களுக்கும் அது போதலாம். பெரிய சங்கிலிகள் பொதுவாக மூன்றாம் தரப்புச் சான்றிதழைத்தான் கேட்கும்.

தடம் பிடிக்க விலையுயர்ந்த மென்பொருள் வேண்டாம். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு லாட் எண் போதும். 07-2-145 என்றால் 7-ஆம் பண்ணை, 2-ஆம் பாத்தி, ஆண்டின் 145-ஆவது நாள். எந்த எண் எந்தக் கடைக்குப் போனது என்பது டெலிவரிச் சீட்டில் இருக்க வேண்டும். அவ்வப்போது, சொல்லாமல் கொள்ளாமல், ஏதாவது ஒரு எண்ணை எடுத்து அந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது, எங்கெல்லாம் போனது என்று கேட்டுப் பாருங்கள். 2 மணி நேரத்துக்குள் பதில் வரவில்லை என்றால் எழுதும் முறையில் ஓட்டை இருக்கிறது.

6. விலைக் கணக்கு

கடைக்காரர் '30 சதவீத மார்ஜின்' என்றால் அது விற்பனை விலையில் 30. நுகர்வோருக்கு 100-க்கு விற்கும் பொருளை அவர் 70-க்கு வாங்குவார். அதே 70-இன் மேல் 30 சதவீதம் ஏற்றினால் 91 தான் வரும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பேச உட்கார்ந்தால் முதல் சந்திப்பிலேயே நஷ்டம்.

அடுத்து அந்த 70-ஐப் பிரியுங்கள். தரம் பிரிக்கும் கூலி, பெட்டி, குளிர் அறை மின்சாரம், வண்டி, கழிவு, திருப்பி வந்த சரக்கு, பில் எழுதும் ஆளின் சம்பளம், சான்றிதழில் இந்த மாதப் பங்கு என்று எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவது விவசாயிக்கு. இந்தச் செலவுகளுக்கு 20 போனால் அவருக்கு 50. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, உறுப்பினர் எல்லோர் முன்னாலும் வையுங்கள். நடுவில் யார் தின்கிறார்கள் என்ற சந்தேகம் வந்தால் எந்தக் குழுவும் நிலைக்காது. 50 என்பது அவருடைய உற்பத்திச் செலவுக்கே கட்டவில்லை என்றால், அந்தப் பொருளை இந்த வழியில் விற்காதீர்கள். மானியம் கிடைக்கும் காலம் வரை இந்த உண்மை மறைந்திருக்கும். மானியம் நின்ற மாதம் வெளியே வரும்.

சமையற்கூடத்தோடு பேசும்போது கிலோ விலையில் மாட்டிக்கொள்ளாதீர்கள். சீவி, நறுக்கி, வாடியதைக் கழித்த பிறகு எவ்வளவு தேறுகிறது என்று பேசுங்கள். 75 சதவீதம் தேறும் சரக்கைவிட 90 சதவீதம் தேறும் சரக்கு 20 சதவீதம் விலை கூடினாலும் அவருக்குச் செலவு ஒன்றுதான். நறுக்கும் கூலியும் மிச்சம். ஒரு பெட்டியை அவருடைய சமையல் மேடையிலேயே நறுக்கி எடை போட்டுக் காட்டிவிட்டால் வாதமே தேவையில்லை.

7. ஒப்பந்தமும் பணம் வரும் நாளும்

வாங்குபவர் 45 நாளில் பணம் தருவார், விவசாயிக்கு வாரா வாரம் கொடுக்க வேண்டும் என்றால், ஆறு ஏழு வாரச் சரக்கின் மதிப்பு எப்போதும் கைமுதலாக இருக்க வேண்டும். விற்பனை இரட்டிப்பானால் இந்தத் தேவையும் இரட்டிப்பாகும். ஆர்டர் நிறைய இருந்தும் குழுக்கள் மூச்சுத் திணறுவது இதனால்தான். சுழல் நிதி, பில்லின் பேரில் கடன், உறுப்பினர் பங்குத் தொகை என எதுவானாலும் முதல் டெலிவரிக்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள். பேரம் பேச ஒரு பிடி வேண்டுமென்றால், ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த நியாயமற்ற வணிக நடைமுறைகள் பற்றிய விதி, கெட்டுப்போகும் உணவுப்பொருளுக்கு 30 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிப்பதையும், 30 நாளுக்கும் குறைவான முன்னறிவிப்பில் ஆர்டரை ரத்து செய்வதையும் தடை செய்கிறது. உங்கள் நாட்டில் அது சட்டமாக இல்லாவிட்டாலும், நியாயமான கோரிக்கை எது என்பதற்கு அது ஓர் அளவு.

விலையைப் பருவம் முழுவதற்கும் ஒன்றாக நிர்ணயிப்பதைவிட, கீழ்வரம்பும் மேல்வரம்பும் வைத்து நடுவில் சந்தையோடு நகரவிடுவது இரு பக்கத்துக்கும் தாங்கும். திருப்பி அனுப்புவதென்றால் இறக்கிய அன்றே, காரணத்தோடு, போட்டோவோடு சொல்ல வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். மூன்று நாள் கழித்து வரும் புகாரில் யார் தவறு என்று யாராலும் சொல்ல முடியாது.

8. வண்டி, பெட்டி, பார்கோடு

60 × 40 சென்டிமீட்டர் அடிப்பரப்புள்ள பிளாஸ்டிக் பெட்டிகளை எல்லாப் பண்ணைக்கும் ஒரே மாதிரி வாங்குங்கள். சரக்கு அடுக்கும் தட்டான பேலட்டில், 120 × 80 அளவு என்றால் அடுக்குக்கு 4, 120 × 100 என்றால் 5 என்று கச்சிதமாக உட்காரும். வாரத்தில் நாட்களை நிலையாக வையுங்கள். ஒரு நிறுத்தத்துக்குக் குறைந்தபட்ச ஆர்டர் அளவும் வேண்டும். இரண்டு பெட்டிக்காக வண்டி திரும்பினால் அந்த வழியின் லாபம் அங்கேயே முடிந்தது.

கடை அலமாரிக்குப் போகும் பாக்கெட்டுக்கு, பார்கோடு எண்களை வழங்கும் சர்வதேச அமைப்பான ஜிஎஸ்1-இன் பார்கோடு வேண்டும். உதிரியாக விற்கும் காய்க்குப் பல கடைகள் பில் போடும் இடத்தில் பொருளை அடையாளம் காட்டும் நான்கு இலக்க பிஎல்யு எண்ணைப் பயன்படுத்தும். இயற்கை விளைபொருள் என்றால் முன்னால் 9 சேரும். சமையற்கூடங்களுக்கு இது எதுவும் தேவையில்லை.

9. முதல் பருவம்

ஒரே ஒரு வாங்குபவர், மூன்று நான்கு பொருட்கள், ஆறேழு பண்ணைகள். அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு வாரமும் ஒரே ஓர் எண்ணைக் கவனியுங்கள்: கேட்டதில் எத்தனை சதவீதம், சொன்ன நேரத்தில், ஏற்கும் தரத்தில் போய்ச் சேர்ந்தது. 95-க்கு மேல் நிற்கும் வரை இரண்டாவது ஆளைத் தேடாதீர்கள். அளவு குறையப் போகிறது என்று தெரிந்தால் 48 மணி நேரம் முன்னதாகவே போன் செய்து சொல்லிவிடுங்கள். குறையைவிட, கடைசி நிமிடத்தில் தெரியவரும் குறைதான் கொள்முதல் மேலாளரை அவருடைய மேலதிகாரி முன்னால் தலைகுனிய வைக்கும். பற்றாக்குறை வந்தால் வெளிச்சந்தையில் வாங்கி உங்கள் லேபிளை ஒட்டி அனுப்பும் ஆசை வரும். ஒருமுறைகூடச் செய்யாதீர்கள். லாட் எண் பொய்யாகிவிட்டால் இந்த அமைப்பில் விற்பதற்கு வேறெதுவும் இல்லை.

பருவம் முடிந்ததும் சமையற்கூடத்துப் பொறுப்பாளரை ஒரு நாள் தோட்டங்களுக்கு அழைத்து வாருங்கள், விவசாயிகளை ஒரு காலை அவருடைய சரக்கு இறக்கும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள். எந்தப் பெட்டி ஏன் ஒதுக்கப்படுகிறது என்று நேரில் பார்த்தவர் அடுத்த முறை பறிக்கும்போதே அதைக் கீழே போடுவார். அப்புறம் இரண்டாவது வாங்குபவர். மூன்றாம் ஆண்டுக்குள் எந்த ஒரு வாங்குபவரும் மொத்த விற்பனையில் பாதிக்கு மேல் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சூப்பர்மார்க்கெட் சங்கிலியின் கதவைத் தட்டுவது அதன் பிறகு. அப்போது போகும்போது வாராந்தர டெலிவரிப் பதிவேட்டையும், நீர்ப் பரிசோதனை அறிக்கைகளையும், லாட் எண் சோதனைகளின் முடிவுகளையும் ஒரே கோப்பில் எடுத்துப் போங்கள்.